சித்தப்பா விழுந்ததைப் பார்த்த ஒரே சாட்சி

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் வீட்டில் எனக்கு ஓட்டை வாய் என்று பெயர். அந்த வாயால் ஒரு உயிர் பிழைத்தது என்பதை இன்றுவரை யாரும் முழு மனதாக ஒப்புக்கொள்வதில்லை.

ராஜபாளையத்தில் மில் வேலையில் இருந்த சித்தப்பாவுக்குத் தேவதானத்தில் பெண் பார்த்து நிச்சயமும் ஆகியிருந்தது. கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று, ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வரும்வரை அவர் பட்டினி விரதம் இருப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். வேண்டியது அவள், பட்டினி அவருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா கும்பலோடு முன்னே போக, சித்தப்பா என்னை ஒரு ஹோட்டலுக்குள் இழுத்துக்கொண்டு போய் ஆறு இட்லியும் இரண்டு வடையும் தின்றார். எனக்கு ஒரு ரோஸ்மில்க்.

"ஏட்டி, உங்கம்மாட்ட மூச்சு விடக்கூடாது."

செத்த நேரம் கழித்து, ஒரு கடை நிழலில் பெஞ்சில் உட்கார்ந்து தேர்வடத்தின் கனத்தைப் பற்றி எனக்கு அளந்துகொண்டிருந்தவர், பாதிப் பேச்சில் சரிந்து விழுந்தார். யாரோ அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். யாரோ தண்ணீர் தெளித்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் எழுந்து, "என் செருப்பு எங்க?" என்றார்.

சேதி கேட்டு அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்துவிட்டாள். அவசரப் பிரிவு டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், சுகர் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. அம்மாவுக்கோ பெண் வீட்டார் காதில் விழும் முன் கிளம்பிவிட வேண்டும்.

"காலையிலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல டாக்டர். வெயிலு வேற. ஒரு குளுக்கோஸ் போட்டு விட்டீங்கன்னா போயிருவோம்."

"இவரு விழுந்ததப் பாத்தது யாரு?"

நான்தான் என்றேன். டாக்டரம்மா என்னை ஒரு ஸ்டூலில் ஏற்றி உட்கார வைத்து, பெரிய மனுஷியிடம் கேட்பதுபோல் கேட்டார். நின்றாரா, உட்கார்ந்திருந்தாரா? கண் இருட்டுகிறது என்றாரா? வேர்த்ததா? கை கால் வெட்டியதா? நான் பெஞ்சில் சரிவதை நடித்தே காட்டினேன். முகம் வெள்ளைத்தாளாக வெளுத்ததையும், எழுந்தபோது குப்பென்று சிவந்ததையும் சொன்னேன். அம்மா பின்னாலிருந்து கிள்ளினாள். கிள்ளினால் எனக்கு ரோஷம் வந்துவிடும்.

"அவிய பட்டினியே இல்ல. ஆறு இட்லி, ரெண்டு வட."

அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. டாக்டரம்மாவின் முகம்தான் மாறியது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்தால் அது பசி மயக்கம் இல்லை, இதயத்தைப் பார்க்க வேண்டும், இன்று அனுப்ப முடியாது என்றார். நெஞ்சில் வயர்களை ஒட்டித் திரையோடு இணைத்தார்கள்.

"காட்டிக்குடுத்துட்டியேடி" என்று சித்தப்பா என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோதே திரையில் துள்ளிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது. அவர் தலையும் சாய்ந்தது. டாக்டரம்மா ஓடிவந்து நெஞ்சை அழுத்தினார். கோடு மறுபடி துள்ளியது. நீளமாக வந்த தாளைக் கிழித்து எடுத்து, பரிசு வாங்கியவர் மாதிரி தூக்கிக் காட்டினார்.

"இதப் பிடிக்கத்தான் வச்சிருந்தேன். வீட்டுக்குப் போயிருந்தா ஆள் இல்ல. பாப்பா, நீ சொன்னதாலதான் பிடிச்சோம்."

அன்று நான் தரையில் நடக்கவில்லை.

மதுரைக்குக் கொண்டுபோய் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். மூன்றாம் நாள் பெண் வீட்டார் வந்தார்கள். நெஞ்சில் மிஷின் வைத்த மாப்பிள்ளையா என்று அவர்கள் வராந்தாவில் குசுகுசுத்தபோது, அதுவரை எங்கள் முன் வாயே திறக்காத அந்தப் பெண் சத்தமாகச் சொன்னாள்:

"இவியளுக்கு நெஞ்சு நின்னா ஓட்டிவிட மிஷின் இருக்கு. நீங்க வேற பாக்கப்போற மாப்பிள்ளைக்கு என்ன இருக்கு?"

மூன்று நாளாக விறைப்பாகவே இருந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். இப்படிச் சண்டை போடுகிற பெண் நம் வீட்டுக்கு வரப்போகிறாளே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்து, நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.