ஸ்டேபிள் அவரைத் தாண்டிப் போன நாள்

பழைய லேப்டாப் சூடேறினால் ஒரு வாசனை வரும்... பிளாஸ்டிக்கும் தூசியும் சேர்ந்து வறுபடுகிற வாசனை. அதோடு கீழே புரோட்டாக் கடையிலிருந்து ஏறி வரும் சால்னா மணம். ஜன்னலுக்கு வெளியே "ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்" என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருப்பார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். என் முதல் வேலை. பக்கத்து சீட்டில் ஜாபர். பின்னாளில் என் வீட்டுக்காரர்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். அதிலும் 'ஸ்டேபிள்' என்கிற வகை. லேசில் மக்கர் பண்ணாது. ஆனால் அதோடு வரும் டூல் எல்லாம் ஊரே பார்த்து முடித்த பழைய வெர்ஷன். எனக்கு அது போதும். ஜாபருக்கு ஆகாது! புது வெர்ஷன் வந்த அன்றே அதன் மூல வரிகளான சோர்ஸ் கோடை இறக்கி, கருப்புத் திரையில் தானே கம்பைல் பண்ணி, ஓடுகிற புரோகிராமாகக் கட்டி, ஸ்டேபிள் கொடுத்ததைத் தொடாமல் தனி ஃபோல்டரில் போட்டுவிடுவார்.

அது சுலபத்தில் முடியாது. அதற்குத் துணையாக வேண்டிய ஏதோ ஒரு லைப்ரரி இல்லை என்று நிற்கும். அதைப் போட்டால் இன்னொன்று கேட்கும்...

"என்ன ஜாபர், சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி ஒண்ணு போனா ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு?"

"கேக்கட்டும்ங்க. குடுத்தா வாயை மூடிடும்."

கடைசிக் கட்டளைக்கு என்டர் தட்டும் முன் பிஸ்மில்லாஹ் சொல்வார். புது வெர்ஷன் நம்பரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிடும், பெருநாளுக்குப் புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி. எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

"ரெண்டு வருஷத்துல ஸ்டேபிள்லயே வந்துடும். அதுக்குள்ள என்ன அவசரம்?"

"ரெண்டு வருஷம் யாரு காத்திருக்கிறது, நஸீமா?"

கல்யாணத்துக்கு அப்புறமும் மனுஷன் மாறவில்லை. எடமலைப்பட்டி புதூர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையென்றால் லேப்டாப் ஃபேன் சத்தம்தான். "கறி வாங்கப் போறீங்களா இல்லையா?" என்று கத்துவேன். "இதோ, ஒரே ஒரு எரர்" என்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பு. ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே மௌத்தாகிவிட்டார். அந்த வாரம்தான், தினமும் கோடு எழுதுகிற எடிட்டரின் புது வெர்ஷனைக் கட்டிப் போட்டு வைத்திருந்தார்.

அதற்கப்புறம் அந்த லேப்டாப்பை யாரையும் அப்டேட் பண்ண விடவில்லை. அடியில் சிஸ்டம் மாறினால் அவர் கட்டியது ஓடாமல் போகலாம். அவர் கையால் செய்து இன்னும் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

காலேஜ் படிக்கிற மகள் ஆயிஷா, புது ஸ்டேபிளுக்கு மாற்றியே ஆகவேண்டும் என்று போன மாதம் ஒற்றைக்காலில் நின்றாள். "பழைய ஸ்டேபிளுக்கு செக்யூரிட்டி அப்டேட்டே நின்னு போச்சும்மா." சரி என்றேன். எல்லாம் முடிந்ததும் பயந்து பயந்து எடிட்டரைத் திறந்தோம். ஸ்டேபிளோடு வந்தது ஒரு பக்கம் இருந்தாலும், அவர் தனி ஃபோல்டரில் போட்டதே ஓடியது. அல்ஹம்துலில்லாஹ்... எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் அவள் பாடத்துக்கு வேண்டிய ஏதோ ஒரு வசதி அந்த எடிட்டரில் இல்லை. கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா... அத்தா போட்டது பழசும்மா. ஸ்டேபிள்ல வந்திருக்கிறதே இதைவிடப் புதுசு."

எனக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. யா அல்லாஹ்... காலமெல்லாம் ஸ்டேபிளுக்கு முன்னால் ஓடினவர். அது ஆடி அசைந்து நடந்து வந்து, அவரைத் தாண்டிப் போய்விட்டது.

"எடுத்துடவாம்மா? இல்ல, இருக்கட்டுமா?"

"எடுத்துடு. பழசை வச்சிருந்தா உங்க அத்தாவுக்குப் பிடிக்காது."

சொல்லிவிட்டேன். அப்புறம் அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

இப்போது ஒரு வரி தட்டினால் போதும், டீ ஆறுவதற்குள் அப்டேட் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதற்காக நான் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு அமைதியாக இருக்கிறது.

புது எடிட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது... அதைத்தான் தாங்க முடியவில்லை.