கப்பல் நேரத்துக்கு ஓடும் வேன்

வேன்காரம்மா இரண்டு கைக்கடிகாரம் கட்டுவாள். இடது கையில் தீவின் நேரம். வலது கையில் கப்பலின் நேரம். இங்கே வரும் சுற்றுலாக் கப்பல்கள் கரை தொட்டாலும் தங்கள் கடிகாரத்தை மாற்றுவதில்லை; தீவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். இரண்டுக்கும் பேட்டரி மாற்றிக் கொடுத்தது மகள். இரண்டும் இன்னும் அலமாரியில் ஓடுகின்றன. கட்டியிருந்தவள் போய் ஐந்து வாரம்.

கணவர் இறந்ததும் அவர் ஓட்டிய வேனை விலைக்குக் கேட்டு மூன்று பேர் வந்து நின்றார்கள். அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு யார் சொன்னா?" என்றாள். உண்மையில் தெரியாது. பதினெட்டு நாளில் கற்றுக்கொண்டாள். துறைமுகச் சுவரில் அந்த வேனின் பச்சை பெயிண்ட் இன்னும் இருக்கிறது. பிறகு இருபத்திரண்டு வருடம் கப்பல் பயணிகளுக்குத் தீவைச் சுற்றிக் காட்டினாள். அவள் வேனில் ஏறிய ஒருவரைக்கூடக் கப்பல் விட்டுவிட்டுப் போனதில்லை.

போக இருந்தது ஒரே ஒரு நாள். பன்னிரண்டாவது வருடம்.

அப்போது புதிதாக ஒரு சுற்றுலா ஏஜென்ட் வந்திருந்தான். துறைமுக வாசலைக் குத்தகைக்கு எடுத்து, அதில் தடுப்புக் கட்டை போட்டான். அவன் ஸ்டிக்கர் ஒட்டிய வேன் மட்டும் உள்ளே போகலாம். மற்ற வேன்கள் பயணியை வாசலில் இறக்க வேண்டும். அங்கிருந்து கப்பல் ஏணிக்கு ஒரு கிலோமீட்டர். வெளி வேனில் போன ஒரு பயணி கப்பலைத் தவறவிட்டால் போதும், அத்தனை வேன்களையும் துரத்திவிடலாம் என்று காத்திருந்தான்.

அன்று அவளுக்குக் கிடைத்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். மூட்டு வலியால் அவர் மனைவி கப்பலிலேயே இருந்துவிட்டார்.

"அருவியில ஒரு முழுக்குப் போடணும்மா. வீட்டுக்காரி கூட வந்தா விடமாட்டா."

"போடுங்க ஐயா. மூணு மணிக்கு வேன்ல இருக்கணும். நாலரைக்குக் கப்பல் கதவைச் சாத்திடுவாங்க."

எல்லாப் பயணிகளிடமும் சொல்லும் ஒரு வார்த்தையை அன்று விட்டுவிட்டாள்: கப்பல் நேரம். வழியெல்லாம் அவர் நாய் துரத்திய கதைகளாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் சிரித்துக்கொண்டே இருந்ததில் மறந்து போனது.

வலது கையில் மூன்று இருபது. ஆள் வரவில்லை. நூற்று நாற்பது படி இறங்கிப் போனாள். தபால்காரர் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா அவசரம்? மணி ரெண்டரைதானே!" பாறைமேல் இருந்த போனைக் காட்டினார். கரை இறங்கியதும் அது தானாகத் தீவின் நேரத்துக்கு மாறியிருந்தது.

அவள் தன் தலையில் ஒரு தட்டு தட்டிக்கொண்டாள். "சட்டையை வேன்ல போட்டுக்கலாம். ஏறுங்க."

பாதிப் படியில் அவருக்கு மூச்சு வாங்கியது. முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "ஊரெல்லாம் தபால் சுமந்த காலுதானே, ஏறுங்க!"

"சைக்கிள்ல சுமந்தேன்மா!"

வேன் புறப்படும்போது மூன்று நாற்பத்திரண்டு. முப்பத்தொரு கிலோமீட்டர் மலைப்பாதை; வழக்கமாக ஐம்பது நிமிடம். வளைவுகளில் இரண்டாம் கியருக்குக் கீழே இறக்கவில்லை. தபால்காரரின் கதைகள் நின்றுவிட்டன.

"வீட்டுக்காரிக்கு லிஃப்ட்ல தனியாப் போகவே பயம்மா. கடல்ல எப்படிப் போவா?"

"தனியா அனுப்ப மாட்டேன். கம்பியைப் பிடிங்க."

நான்கு இருபத்தாறுக்கு வாசல். கட்டை இறங்கியிருந்தது. கேட்காரர் கயிற்றைப் பிடித்திருக்க, ஏஜென்ட் குறுக்கே கைகட்டி நின்றான்.

"ஸ்டிக்கர் இல்லை. இங்கயே இறக்கு. நடக்கட்டும்."

"நாலு நிமிஷம் இருக்கு. நீ தூக்கிட்டு ஓடுறியா தம்பி?"

"ரூல்னா ரூல்தான்."

"நேரம் சொல்ல மறந்தது நான். தப்பு என்னோடது, தண்டனையை எனக்குக் குடு. இவர் சம்சாரம் கப்பல்ல தனியா நிக்குது. கட்டையைத் தூக்கு."

"உடைச்சா போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. அவங்க வர்றதுக்குள்ள நான் போயிட்டு வந்துடறேன்."

முதல் கியர் போட்டாள். பம்பர் தொட்டதும் கட்டை வில்லாக வளைந்தது. ஏஜென்ட் துள்ளி ஒதுங்கினான். கட்டை மேலே போனது. "கை தானாத் தூக்கிடுச்சு சார்" என்று கேட்காரர் பிறகு விசாரணையில் சொன்னார்.

நான்கு இருபத்தொன்பது. தபால்காரர் ஈரப் பனியனோடு, சட்டையைக் கையில் பிடித்தபடி ஏணியில் ஓடினார். மேலிருந்து, "சட்டை எங்க? யாரைக் கேட்டுத் தண்ணில இறங்கினீங்க?" என்று ஒரு குரல் துறைமுகம் முழுக்கக் கேட்டது. வேன்காரம்மா ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

தவறவிட்ட பயணி இல்லாததால் மற்ற வேன்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் ஒருத்திக்கு மட்டும் கடிதம் வந்தது: துறைமுக எல்லைக்குள் நுழையவோ நிற்கவோ ஆயுளுக்கும் தடை. இரண்டு முறை படித்தாள். மின்பொறியியல் படித்துக்கொண்டிருந்த மகளிடம் கேட்டாள்.

"எல்லை எங்கடி முடியுது?"

மகள் வரைபடம் வாங்கிப் பார்த்து, டேப் பிடித்து அளந்தாள். வாசலுக்கு வெளியே ஆறு மீட்டர் வரை. அடுத்த கப்பல் வந்த காலையில் வேன் வாசலிலிருந்து ஏழு மீட்டர் தள்ளி நின்றது. கூரையில் ஒரு பலகை: கப்பல் நேரத்துக்கு ஓடும் வேன்.

"உன்னை யார் இங்க நிக்கச் சொன்னது?" என்று ஏஜென்ட் பாய்ந்து வந்தான்.

வேன்காரம்மா டேப்பை இழுத்துக் காட்டினாள். "இது சொல்லுச்சு. இன்னொரு தடவை அளக்கிறியா? அந்த முனையைப் பிடி."

அவன் பிடிக்கவில்லை. பத்து வருடம் அங்கேயே நின்றாள்.

போன வாரம் ஏஜென்ட் அலுவலகத்திலிருந்து மறுபடி ஒரு கடிதம். ஓட்டுநர் காலமாகிவிட்டதால் வேனை அப்புறப்படுத்தவும். மகள் போய் அளந்து பார்த்தாள். ஏழு மீட்டர், நான்கு சென்டிமீட்டர்.

வேன் அங்கேதான் நிற்கும்.