15-ஐ நான்தான் எடுத்தேன்

காசு மேசைப் போன் அடித்தது. முந்தின நாள் நானே பூட்டிய புதுப் போன். சோதித்துப் பார்க்க வந்திருந்த நான், குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று ஆசையோடு எடுத்தேன்.

"அலோ, சாமு? வித், மிசியே, வித்! ரூ காய்... என்ர முதலாளி விழுந்திட்டார்!"

கடையின் நிலவறையில் சாமான் அடுக்கும் வசந்தி அக்காவின் குரல். பிரெஞ்சில் 'சீக்கிரம், ஐயா' என்கிறார், கடைத் தெருவின் பெயரைச் சொல்கிறார். இந்த நாட்டு ஆம்புலன்ஸ் சேவையான சாமுவைக் கூப்பிட 15 அடித்திருக்கிறார். எனக்கு நேர் கீழே நின்று, என்னிடம் பேசுகிறார்.

"அக்கா, இது நான், கீர்த்தன்."

"நீ ஏனடா சாமுவிலை நிக்கிறாய்?"

நிலவறையில் மொபைல் சிக்னல் கிடையாது. அங்கே சுவர்ப் போன் வைத்ததே அதற்காகத்தான். "வையாதேங்கோ அக்கா!" என்று கத்திவிட்டு, என் மொபைலில் 15 அடித்தேன். ஒரு காதில் உண்மையான சாமு, மறு காதில் நிலவறை.

"மூச்சு இருக்கோ எண்டு கேக்கினம்!"

"இருக்கு, இருக்கு! வேர்த்துக் கொட்டுது. நெஞ்சைப் பிடிக்கிறார். கெதியா வரச்சொல்லு!"

வந்தார்கள். முதலாளி தேவன் அண்ணையை ஸ்ட்ரெச்சரில் மேலே தூக்கி வந்தபோது கண் திறந்திருந்தது. நான் அப்படியே மிளகாய்த்தூள் பெட்டிகளின்மேல் இருந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். நான் தனியாகச் செய்த முதல் வேலை அது: கடைப் போன்களை இன்டர்நெட்டோடு இணைக்கும் ஒரு கேட்வே பெட்டி, ஆறு போன். உள்போன்களுக்கு மூன்று இலக்கம் போடுவமோ என்று தேவன் அண்ணை கேட்டார். "இரண்டு காணும் அண்ணை, டக்கெண்டு அடிக்கலாம்" என்றேன். 11 முதல் 16 வரை வரிசையாகக் கொடுத்தேன். காசு மேசைக்கு 15. சாமுவுக்கு 15 என்று இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்திலேயே படித்தவன் நான். என் கண்ணுக்கே அது வெறும் உள்போன் எண்ணாகத்தான் தெரிந்தது.

அவசர எண்களுக்கும் ரூல் எழுதியிருந்தேன், எந்த எண் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் டயல் பிளானின் கடைசி வரியில். கேட்வே மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்தும் ரூலோடு நின்றுவிடும். 'இரண்டு இலக்கம் என்றால் உள்போன்' என்பது என் முதல் வரி. கடைசி வரிக்கு அது போகவே இல்லை. திரையில் ஒரு எச்சரிக்கையும் கிடையாது. எல்லாம் பச்சை.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தேவன் அண்ணை கேட்டார்:

"இப்ப 15 அடிச்சால் ஆர் எடுப்பினம்?"

"சாமு, அண்ணை. மாத்திட்டன்."

"நிச்சயமோ? நீ எடுக்க மாட்டாய் தானே?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது என் உள்போன்கள் 201-இல் தொடங்கும். அவசர எண்களான 15, 17, 18, 112 முதல் வரியில் இருக்கும். புதுக் கடைக்குப் போனால், கேட்வே பெட்டியைப் பிரிக்கும் முன்னே ஒன்று கேட்பேன்: இங்கே சிக்னல் இல்லாத இடம் எது, அங்கே யார் தனியாக நிற்பார்கள்? அந்தப் போனிலிருந்துதான் என் சோதனை தொடங்கும்.