மடித்துச் சுற்றிய சிவப்பு டேப்

காடாம்புலியூர் மாணிக்கம்மாளுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் பாவாடை, இளையவள் வெண்மதி. முந்திரித் தோப்புக்குக் கூலிக்குப் போன புருஷன் பாம்பு கடித்துச் செத்தபோது வெண்மதி கைக்குழந்தை. மாணிக்கம்மாள் எனக்குச் சித்தி மகள். அந்த வழியில் பாவாடை எனக்கு மருமகன் முறை ஆகவேண்டும்.

பாவாடை படிப்பை விட்டுவிட்டு நெய்வேலிச் சுரங்கத்தில் காண்டிராக்ட் வேலைக்குப் போனான். நிலக்கரி போகிற பெல்ட் பக்கம் எலக்ட்ரீஷியனுக்குக் கையாளாக நின்று, போகப் போகத் தொழிலைக் கற்றுக்கொண்டான். தங்கையை அத்தை மகன் சிலம்பரசனுக்கே கட்டிக் கொடுத்தான். வேலை இல்லாமல் இருந்த மாப்பிள்ளையைக் கூடவே அழைத்துப்போய்த் தன் கேங்கில் சேர்த்துவிட்டவனும் அவன்தான்.

அந்தக் கேங்கில் ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய வயரை மொட்டையாக விடக்கூடாது. இரண்டு முனைக்கும் தனித்தனியாகச் சிவப்பு டேப் சுற்றவேண்டும். கடைசிச் சுற்றை ஒட்டாமல் கொஞ்சம் மடித்து விடவேண்டும்.

"அடுத்து வர்றவன் நம்மாளுன்னு நெனச்சி சுத்து மாப்ள. அவன் நகத்துக்குத் தோதா இருக்கணும்" என்று பாவாடை சொல்லிக் கொடுத்திருந்தான்.

பிறகு பெல்ட் உருளையில் கால் மாட்டி நசுங்கியதில் பாவாடைக்குச் சுரங்க வேலை போயிற்று. ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினான். அதில் நிலையாக வந்த சவாரி ஒன்றே ஒன்று. சுரங்கத்தில் பர்மனெண்ட் ஆளான பழனிசாமியின் மனைவி கனகத்துக்குச் சிறுநீரகம் கெட்டு, பாண்டிச்சேரிக்கு டயாலிசிஸ் போய்வர வேண்டும். வாரம் தவறாத அந்தப் பயணத்தில்தான் பாவாடை வீட்டு அடுப்பு எரிந்தது.

கத்திரி வெயிலில் ஒரு சனிக்கிழமை, திரும்பி வரும் வழியில் கனகம் வாந்தி எடுத்தார். காரணம், காரில் ஏசி அனலாக ஊதியது. நெய்வேலி டவுன்ஷிப் பிளாக்கில் கொண்டுவந்து இறக்கியதும் பழனிசாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க. செவ்வாய்க்கிழமைக்குள்ள சரி பண்ணிருங்க. இந்த வெயில்ல இவ தாங்க மாட்டா. இல்லன்னா வேற வண்டிதான் பாக்கணும்."

அன்றைக்குச் சாயங்காலமே சிலம்பரசன் வந்து எட்டிப் பார்த்தான். அவனும் சமீபத்தில்தான் வாடகைக்கு ஓட்ட ஒரு கார் வாங்கியிருந்தான்.

"வூட்டுல வச்சி நோண்டாத மச்சான். கம்ப்ரசர் போயிருக்கும். பாண்டிச்சேரிக்குக் கொண்டுகினு போயி உட்டாதான் ஆவும். பத்து நாளு இழுக்கும்."

"அவ்ளோ நாளு எங்கடா போறது மாப்ள" என்றான் பாவாடை.

மறுநாள் காலையிலேயே வேப்பமரத்து நிழலில் காரை நிறுத்தி பானெட்டைத் திறந்தான். மனைவி மணிமொழி பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டான். காற்று வந்தது, குளிர் இல்லை. கம்ப்ரசரின் முன்தட்டு 'டக்'கென்று ஒட்டிச் சுற்றவேண்டும், அது அசையவில்லை. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தான், நன்றாக இருந்தது. ஹாரனுக்குக் கரண்ட் விடுகிற ரிலேயைக் கழற்றி ஏசி ரிலே இருந்த இடத்தில் செருகினான். அப்போதும் சத்தம் இல்லை.

"எலிதாங்க. போன வாரம் டிக்கில முந்திரி மூட்ட ஏத்துனீங்க இல்ல" என்றாள் மணிமொழி.

"இருக்கும்."

பேட்டரியிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கம்ப்ரசருக்கு நேராகக் கொடுத்தான். 'டக்'. தட்டு சுற்றியது. மணிமொழியை உள்ளே கை வைத்துப் பார்க்கச் சொன்னான்.

"ஐஸு மாரி வருதுங்க."

கம்ப்ரசரும் நன்றாக இருக்கிறது, கேஸும் இருக்கிறது. கரண்ட்தான் போய்ச் சேரவில்லை. வயர் போகும் வழியே விரலால் தடவிக்கொண்டு போனான். ரேடியேட்டருக்குப் பின்னால், கறுப்புக் குழாய் உறைக்குள் கை போனதும் நின்றுவிட்டது. உறையைப் பிளந்து பார்த்தான். வயர் வெட்டப்பட்டிருந்தது. இரண்டு முனையிலும் தனித்தனியாகச் சிவப்பு டேப். கடைசிச் சுற்று மடித்து விடப்பட்டிருந்தது.

"எலியா?" என்றாள் மணிமொழி.

"எலி டேப்பு சுத்துமா?"

அவள் கீரையை வைத்துவிட்டு எழுந்துவந்து பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலம்பரசன் வந்து, "என் வண்டி சர்வீஸ்ல நிக்குது, அம்மாவ பண்ருட்டில உட்டுட்டு வந்துர்றேன்" என்று இந்தக் காரை வாங்கிப் போயிருந்தான். திரும்பக் கொண்டுவந்து விட்டபோது கார் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. மாப்பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பாவாடை தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டான்.

சிலம்பரசன் கெடுக்கத்தான் வந்தான். ஆனாலும் வயரை மொட்டையாக விட அவன் கைக்கு வரவில்லை.

பாவாடை மடிப்பில் நகத்தை வைத்து உரித்தான். சுலபமாக வந்தது. வயரை முறுக்கிச் சேர்த்துப் புது டேப் சுற்றினான். ஏசி குளிர்ந்தது. உடனே பழனிசாமிக்குப் போன் போட்டான்.

"சரியாயிருச்சிங்க. செவ்வா கெளம்பிரலாம்."

பழனிசாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க தங்கச்சி நேத்தே வூட்டுக்கு வந்து, அண்ணன் வண்டி இப்போதைக்கு ஆவாது, எங்க வண்டிய வச்சிக்குங்கன்னு கேட்டுச்சிங்களே. நீங்க சொல்லி அனுப்புனதாத்தான் சொல்லுச்சி. நானும் சரின்னுட்டேன். அந்தப் பையன்கிட்ட இனிமே எப்பிடி மாத்திச் சொல்றது?"

பாவாடை, "இருக்கட்டுங்க, நம்ம பையன்தான்" என்று சொல்லிப் போனை வைத்தான். சிலம்பரசன் செய்தது வயரோடு நின்றது. வெண்மதி அந்த வீட்டுப் படி ஏறினாள் என்பதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை. ஆத்தாள் வேலைக்குப் போனபோதெல்லாம் அவன் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை அது.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை வெண்மதி மகள் இசைப்பிரியாவுக்குக் காதுகுத்து. "போவாதீங்க" என்று மணிமொழி கையைப் பிடித்தாள்.

"கொழந்த இன்னா பண்ணுச்சி? மாமன் மடி இல்லாம யார் மடில ஒக்காரும்?"

சீர்த்தட்டோடு கோவிலுக்குப் போனான். குழந்தையை மடியில் வைத்துக் காது குத்தக் கொடுத்தான். அது வீறிட்டு அழுதபோது வாயில் சர்க்கரை வைத்தான். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பந்திக்கு இலை போட்டதும் சிலம்பரசன் வந்து, "வா மச்சான், சாப்புடு" என்றான்.

பாவாடை சட்டைப் பையிலிருந்து அந்த டேப் துண்டுகளை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான்.

"அடுத்து வர்றவனுக்குத் தோதா நல்லாத்தான் மடிச்சிருக்க. வர்றவன் நான்தான்னு தெரியாதா மாப்ள?"

சிலம்பரசன் கையை மூடிக்கொண்டு தலை குனிந்தான். வெண்மதிதான் ஓடி வந்தாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேம்மா" என்றான் பாவாடை.

"குடுப்பன்னு தெரியும்ணா. அதாண்ணா கேக்கல. வேல நீ வாங்கிக் குடுத்தது, தொழிலு நீ கத்துக் குடுத்தது, இதுவும் நீ குடுத்ததா இருக்கக் கூடாதுன்னு அவரு…" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "சாப்ட்டுட்டாவது போண்ணா" என்றாள்.

தாய்மாமன் இலையில் உட்காராமல் போனால் அது எவ்வளவு பெரிய பேச்சு என்று எங்கள் சனத்தில் எல்லாருக்கும் தெரியும். பாவாடை குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து காரில் ஏறினான். அவனுக்குப் போட்ட இலையை எடுக்கவும் மனம் வராமல், அதில் வேறு ஆளை உட்காரவைக்கவும் வாய் வராமல், வெண்மதி பந்தி முடியும்வரை அதன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.