பன்னிரண்டாம் கோயிலுக்கு இன்னொருவர் காலணியில்

காலை ஏழு மணிக்கு, பதினோராம் கோயிலான ஃபுஜீதேராவின் பின்புறப் படிகளில் ஏறத் தொடங்கினோம். ஜப்பானின் ஷிகோகு தீவைச் சுற்றி எண்பத்தெட்டு பௌத்தக் கோயில்கள்; எல்லாம் நடக்க ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் ஆகும். அமெரிக்காவில் பிளசன்டனில் வசிக்கும் எனக்கும், லிவர்மோர் தோழி மாலதிக்கும் கிடைத்த லீவில் முதல் பன்னிரண்டுதான் முடியும். கடைசிப் பதின்மூன்று கிலோமீட்டர் முழுக்க மலை.

இருபுறமும் நெடிதுயர்ந்த தேவதாரு மரங்கள். வளைவுக்கு வளைவு சின்னக் கற்சிலைகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் யாரோ கட்டிவிட்ட சிவப்புத் துணி. எத்தனையோ நூற்றாண்டுகளாகக் கால்கள் பட்ட பாதை. ஒரு துண்டுக் காகிதம் கிடக்கவில்லை.

மதியம் ஒன்றரைக்கு, இறக்கத்தில் என் வலது ஷூவின் அடிப்பாகம் கழன்று தனியாக வந்துவிட்டது.

"புதுசு வாங்குடின்னு எத்தனை தடவை சொன்னேன்?" என்றாள் மாலதி. சொல்லிக்கொண்டே தன் பையிலிருந்த கயிற்றால் கட்டியும் விட்டாள்.

நொண்டிக்கொண்டே சவுச்சி என்ற மலைக்கிராமத்தை அடைந்தபோது மணி இரண்டே முக்கால். கடை கிடையாது. மேலே கோயிலில் யாத்ரீகர்களின் புத்தகத்தில் முத்திரை வைக்கும் அறை ஐந்து மணிக்கு மூடிவிடும்.

தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி என் காலைப் பார்த்தார். உள்ளே போய், பழுப்பு நிறக் காலணி ஜோடி ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் பணத்தை எடுத்ததும் இரண்டடி பின்வாங்கினார். என் போனில் பேசினார், அது மொழிபெயர்த்தது:

"நடந்து வருபவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். இது என் கணவருடையது. மாதம் ஒருமுறை மேலே போவார். இப்போது படுக்கையில் இருக்கிறார்."

நான் தயங்கினேன்.

"வாங்கிக்கோ. வேண்டாம்னா அவங்க மனசு கஷ்டப்படும்," என்றாள் மாலதி.

கோயிலில் சேர்ப்பதற்காக யாத்ரீகர்கள் பெயர்ச்சீட்டு வைத்திருப்பார்கள். என்னிடமிருந்த எழுதாத சீட்டு ஒன்றை நீட்டினேன். அதில் கணவர் பெயரை எழுதித் தந்து, தலை தாழ்த்தி வணங்கினார்.

இரண்டு ஜோடி சாக்ஸுக்கு மேல் அந்தக் காலணி சரியாகப் பொருந்தியது. கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. நாலு நாற்பதுக்கு ஷோசன்ஜி கோயில். லிவர்மோர் கோயிலில் அர்ச்சனை என்றால் வீட்டார் பெயரோடு நிறுத்திக்கொள்பவள் நான். இங்கே அந்தச் சீட்டைச் சேர்த்துவிட்டு, எனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு பெயருக்காக வேண்டிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். மாலதி அவசரப்படுத்தவில்லை.

ஊர் திரும்பிப் பத்து நாளாகிறது. பிளசன்டன் வீட்டில் வாசல் மணி அடித்தால், முதலில் போனில் கேமராவைப் பார்ப்பேன். தெரியாத முகமென்றால் திறக்க மாட்டேன். சவுச்சியில் நான் எந்தக் கதவையும் தட்டவே இல்லை.