ஓடாத காருக்கு ஒரு பாஸ்

உங்கள் தெருவில் குடியிருப்பது யார்? நீங்களா, உங்கள் காரா? இதென்ன கேள்வி என்று சிரிப்பவர்கள் மார்கழி மாதத்தில் ஒரு நடை ஸ்ரீரங்கம் வந்து பார்க்கட்டும். மனிதர்கள் மூட்டை முடிச்சோடு, வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்காகப் போலீஸ் போட்ட தடுப்புக்கு வெளியே இறங்கி, சொந்த வீட்டுக்கு விருந்தாளியைப் போல நடந்து போவார்கள். கண்ணாடியில் பாஸ் ஒட்டிய கார் மட்டும் போலீஸ்காரர் கையசைக்க, மாப்பிள்ளை மாதிரி உள்ளே போகும்.

மட்டுவார்குழலிக்கு இந்தக் கேள்வி போன மார்கழியில்தான் உறைத்தது. அதுவும் சாதாரணமாக இல்லை, வயிற்றில் உறைத்தது.

அவள் பிறந்தது அரியமங்கலத்தில், ஒரு வெல்டர் வீட்டில். அம்மாவுக்குப் பிரசவம் சிக்கலாகிப் போனபோது, மலைக்கோட்டை அம்மனுக்கு நேர்ந்துகொண்டு அம்மன் பெயரையே வைத்தார்கள். ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பிரசவம் பார்த்தவர் அரசு மருத்துவமனை நர்ஸ். அந்த அம்மாள் பெயர் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. நன்றி போகிற முகவரி நம் ஊரில் எப்போதும் தப்பித்தான் போகும்.

குழலி பள்ளிக்கூடம் முடித்ததும் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் இரும்புத் தகடு வெட்டினாள். பட்டறைக்கு ஆர்டர் வருவது நின்றது. கதவை இழுத்துச் சாத்தினார்கள். "பொம்பளைப் பிள்ளைக்குத் தையல் மெஷின் வாங்கிக் குடுங்க" என்று சொந்தக்காரர்கள் யோசனை சொன்னார்கள். அவள் கடன் போட்டு ஆட்டோ வாங்கினாள். அதுவும் கரண்டில் ஓடுகிற ஆட்டோ. ஸ்டாண்டில் இருந்த ஆண்கள் முதல் வாரம் கிண்டலடித்தார்கள்.

"என்னக்கா, மிக்ஸியில சக்கரம் மாட்டிட்டு வந்திருக்கீங்க?"

"ஆமாண்ணே, உங்களையெல்லாம் சட்னி அரைக்கத்தான்" என்றாள் குழலி.

கணவன் ஜெய்சங்கர் கல்யாணச் சமையல்காரரிடம் வேலை பார்க்கிறான். மார்கழியில் கல்யாணம் செய்யக் கூடாதாம். எந்த நட்சத்திரம் எந்தச் சோசியரிடம் வந்து சொன்னதோ தெரியாது. ஆனால் அந்த ஒரு மாதம் ஜெய்சங்கரின் கரண்டிக்கு வேலை கிடையாது. குடும்பம் மொத்தமும் ஆட்டோ மேல்தான். ஆட்டோவோ, வீட்டு வாசலில் இருக்கும் பிளக்கில் இரவு முழுக்க உறிஞ்சினால்தான் மறுநாள் நகரும். கார்களுக்காக வைத்திருக்கும் சார்ஜர் அதற்குப் பொருந்தாது. ஆக, வண்டி வீட்டுக்கு வந்தால்தான் சோறு.

வீடு இருப்பது சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில். வீட்டுக்காரி யமுனா மாமி முன்கட்டில் தனியாக இருக்கிறாள். பின்கட்டில் குழலி குடும்பம். வாசலில் ஒரு தகர ஷெட். அதற்குள் உறை போர்த்திய ஒரு சின்னக் கார். மாமியின் மகன் வெளிநாடு போகும்போது விட்டுப் போனது. பேட்டரி செத்து, டயர் சப்பி, உள்ளே ஒரு பூனை பரம்பரை பரம்பரையாகக் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. ஆனாலும் வருஷந்தோறும் வைகுண்ட ஏகாதசிக்கு முன்பு அந்தக் காருக்குக் குடியிருப்போர் பாஸ் வந்துவிடும். மாமி உறையைத் தூக்கி, கண்ணாடியில் பழைய பாஸின் மேல் புது பாஸை ஒட்டி, உறையை மூடிவிடுவாள். அது அந்த வீட்டுக்கு வரும் மரியாதை.

பாஸ் கொடுப்பதற்கு முன் வீதி நலச்சங்கம் ஒரு கூட்டம் போடும். யார் யாருக்குத் தரலாம் என்று சங்கம் பெயர் கொடுக்கும், போலீஸ் முத்திரை போடும். சங்கச் செயலாளர் தமிழ்மணியிடம் குழலி வாடகை ஒப்பந்தம், ஆதார், வண்டியின் ஆர்.சி. எல்லாவற்றையும் நீட்டினாள்.

"ஒரு கதவு நம்பருக்கு ஒரு பாஸ்தாம்மா" என்றார் தமிழ்மணி. "உங்க கதவு நம்பருக்கு யமுனா மாமி கார் இருக்கே."

"அது ஓடாதே சார்."

"ஓடுதா ஓடலையான்னு நாம பாக்குறதில்லை. இன்னொண்ணு, உன்னுது வாடகை வண்டி. வாடகை வண்டி குடியிருப்போர் வண்டி ஆகாது."

"நான் குடியிருக்கேனா இல்லையா சார்?"

"நீ இருக்கம்மா. உன் வண்டி இல்லை."

தன் வண்டி எங்கேதான் குடியிருக்கிறது என்று குழலி கேட்பதற்குள் அவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். பார்த்தீர்களா நியாயத்தை? உழைத்துவிட்டு இரவில் திரும்புகிற வண்டி அந்நியன். உறைக்குள் தூங்குகிற வண்டி உள்ளூர்க்காரன். உழைக்கிறவனை வெளியே நிறுத்துவதில் நம்மவர்களுக்கு உள்ள அனுபவம் நேற்று இன்று வந்ததல்ல. இப்போது அதைச் சக்கரத்துக்கும் நீட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தடுப்பு போட்ட முதல் நாள் சாயங்காலமே குழலியை நிறுத்தினார் கான்ஸ்டபிள் இளவரசன். பச்சை நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்தைப் பார்த்தாலே போதும், வாடகை வண்டி என்று தெரிந்துவிடும்.

"அக்கா, எனக்கு உங்களைத் தெரியும். வீடு இங்கதான்னும் தெரியும். ஆனா பாஸ் இல்லாம விட்டா என் தொப்பி போயிரும்."

"தொப்பி போனா முடி தெரியும். சார்ஜ் போனா என் குடும்பம் தெருவுல தெரியும் தம்பி."

இளவரசன் சிரித்தார். வழி மட்டும் விடவில்லை.

திருவானைக்கோவிலில் பஞ்சர் கடை வைத்திருக்கும் நஸ்ருல்லா, தன் கடையில் வண்டியைப் போட்டுச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். மறுநாள் காலையில் போனால் கடை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"உன் வண்டி கரண்ட் குடிச்ச குடியில என் ஃபியூஸ் மவுத்தாயிருச்சும்மா. கம்ப்ரசரும் ஓடலை. கோவிச்சுக்காத, வண்டியை வேணா நிப்பாட்டிக்க, ஒயரை மட்டும் நீட்டாத."

பாதி சார்ஜ் மிச்சம். அதை வைத்துக்கொண்டு குழலி ஓட்டியது ஒரே ஒரு சவாரி. கண் புரை ஆபரேஷன் செய்துகொண்ட யமுனா மாமியை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டி வந்தாள். தடுப்பில் இறங்கச் சொன்னார்கள். கறுப்புக் கண்ணாடியோடு, கூட்டத்தில் இடிபட்டு, குழலியின் தோளைப் பிடித்தபடி மாமி வீடு வரை நடந்தாள். வாசலுக்கு வந்ததும் ஷெட்டைப் பார்த்தாள்.

"ஏண்டி குழலி, இந்தப் பூனைக்கூண்டு ஜம்முனு உள்ள இருக்கலாம், நான் மட்டும் நடக்கணுமா?"

"உங்க வீட்டு மரியாதை மாமி அது. நீங்கதானே வருஷா வருஷம் ஒட்டுறீங்க?"

மாமிக்குச் சுருக்கென்றது. தப்பை ஒப்புக்கொள்ளும் வழக்கம் மாமிக்கு இல்லை. அதனால் கோபத்தைச் சட்டத்தின் மேல் திருப்பினாள்.

"பாஸ் காருக்குன்னுதானே போட்டிருக்கான்? கார் எப்படி வரணும்னு போட்டிருக்கானோ?"

"இல்லையே மாமி."

"அப்போ உன் ஆட்டோ அதை இழுத்துண்டு வரட்டும். பாஸ் உள்ள கார் உள்ள வரது. ஆட்டோ அதுக்கு இஞ்சின். இஞ்சினுக்குத் தனியா பாஸ் கேப்பானோ?"

மறுநாள் காலை. நஸ்ருல்லா கைப்பம்போடு வந்து டயருக்குக் காற்றடித்தார். பூனைக் குடும்பத்தை அட்டைப் பெட்டிக்கு மாற்றினார்கள். அண்டா தவிர எதையும் கையாண்டிராத ஜெய்சங்கர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். பின்சீட்டில் மாமி, கறுப்புக் கண்ணாடியோடு. "வாங்கினதுலேர்ந்து இன்னிக்குத்தான் இதுல உக்காரறேன்" என்றாள். சந்துக்காரர்கள் தள்ளினார்கள்.

"காரு எங்கக்கா போகுது?" என்றார் இளவரசன்.

"காத்து வாங்க" என்றாள் குழலி.

வெளியே தள்ளி, வளைத்துத் திருப்பி, நஸ்ருல்லாவின் கடையில் நின்றிருந்த ஆட்டோவைக் கொண்டுவந்து கயிறு கட்டினார்கள். இருந்த கொஞ்சநஞ்ச சார்ஜில் ஆட்டோ முக்கி முனகி இழுத்தது. தடுப்பின் இடைவெளியில் ஆட்டோ உள்ளே, கார் நடுவே. இளவரசன் பாய்ந்து வந்து கையை நீட்டினார்.

"காருக்கு மட்டும்தாங்க்கா பாஸ். கயித்த அவுத்துட்டுக் காரை உள்ள ஓட்டிட்டுப் போங்க."

"ஓடாதே தம்பி."

"அப்ப பின்னால எடுங்க."

"அதுக்கும் இஞ்சின் வேணுமே."

பின்னால் வரிசை கட்டியது. பால் வண்டி, பூ வண்டி, வெளியூர் வேன், அதற்கும் பின்னால் போலீஸ் ஜீப். ஹாரன் சத்தத்தில் காருக்குள்ளிருந்து, பெட்டிக்குப் போகாமல் தங்கிவிட்ட ஒரு பூனைக்குட்டி வெளியே குதித்தது. ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் சித்ராதேவி இறங்கி வந்தார். காரைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், முன்கண்ணாடியில் தோசை அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டியிருந்த பாஸ்களைப் பார்த்தார்.

"ஓடாத காருக்கு எதுக்குப் பாஸ்?"

ஓடி வந்திருந்த தமிழ்மணி வியர்வையைத் துடைத்தார். "வருஷா வருஷம் குடுக்கிறதுதான் மேடம்."

"அது காரணமா சார்?"

மாமி காரிலிருந்து இறங்கி நிமிர்ந்து நின்றாள்.

"அம்மா, ஒரு கதவு நம்பருக்கு ஒரு பாஸ்தானே? இந்தக் காரை வெளியிலேயே எங்கேயாவது நிறுத்திக்கோங்கோ. இதுக்குப் பசிக்காது. இவ வண்டியை உள்ள விடுங்கோ. எங்காத்து நம்பர்லதான் இவளும் இருக்கா."

"இவங்க வாடகை வண்டியாச்சே மேடம்" என்று தமிழ்மணி முனகினார்.

"நான் தெருவுக்குள்ள ஒரு சவாரியும் ஏத்த மாட்டேன் மேடம்" என்றாள் குழலி. "காலி வண்டியா வீட்டுக்குப் போறேன், காலி வண்டியா வெளிய வரேன். பிளக்கு அங்கதான் இருக்கு. இன்னிக்கு ஏத்தலைன்னா நாளைக்கு வண்டி நகராது. இவருக்கும் மார்கழில வேலை இல்லை."

சித்ராதேவி ஜீப்பிலிருந்து புதிய பாஸ் ஒன்றை எடுத்து, கார் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஆட்டோ நம்பரை எழுதி, முத்திரை குத்தி இளவரசனிடம் நீட்டினார். "ஒட்டுங்க. காரைப் பஞ்சக்கரை ரோட்டுப் பார்க்கிங் மைதானத்துக்கு இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

கயிற்றை அவிழ்த்ததும் ஆட்டோ பெருமூச்சு விட்டது போல நகர்ந்தது. சந்துக்குள் நுழைகிறபோது சார்ஜ் முள் சிவப்பில் இருந்தது. ஜெய்சங்கர் முன்னால் ஓடிப்போய் ஒயரை இழுத்து வைத்திருந்தான். பிளக்கைச் சொருகி, விளக்கு எரிந்ததைப் பார்த்த பிறகுதான் குழலி தண்ணீர் குடித்தாள்.

இத்தோடு நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கிடைத்தது ஒரு பாஸ். விதி அப்படியேதான் இருக்கிறது. அடுத்த சந்தில் இட்லி வண்டிக்காரர் இருக்கிறார், அதற்கடுத்ததில் கூரியர் வேன் ஓட்டுகிறவர் இருக்கிறார். அவர்களுக்கு யமுனா மாமியும் இல்லை, இழுத்து வந்து நடுவழியில் நிறுத்த ஒரு செத்த காரும் இல்லை.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் தெருவில் பாஸ் கூட்டம் எப்போது என்று இன்றைக்கே விசாரியுங்கள். பின்கட்டில் வாடகைக்கு இருப்பவரையும் கையோடு அழைத்துக்கொண்டு போங்கள். உங்கள் கார் ஓடாது என்றால் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "எனக்கு வேண்டாம், இவருக்குக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். ஓடும் என்றாலும் எழுந்து நில்லுங்கள். வாடகை வண்டி வைத்திருப்பவன் குடியிருப்பவன் ஆகமாட்டானா என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.