மூன்றாவது வசனம்

முதல் மருந்துக் கடையில் அக்கா வசனத்தை முடிப்பதற்குள் மாத்திரை வந்துவிட்டது.

"தொண்டை வலி. ரெண்டு நாளா மூக்கும் ஒழுகுது. ஏதாவது மருந்து குடுங்க." இதுதான் சொல்ல வேண்டியது. அவர் "தொண்டை வலி" வரைக்கும்தான் போனார். கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் மேல்தட்டுக்கு அனுப்பி ஓர் அட்டையை எடுத்தார். கத்தரிக்கோலை அதில் வைத்தபடி, "மூணு நாளைக்கா, அஞ்சு நாளைக்கா?" என்று கேட்டார்.

"மூக்கும்..." என்றார் இவர், விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு.

"மூக்குக்கும் சேர்த்துத்தான்மா இது."

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த படிவத்தை எடுத்தார். 'ஆன்டிபயாடிக் எந்தப் படியில் கிடைத்தது?' என்ற கேள்விக்கு எதிரே நான்கு கட்டங்கள் இருந்தன. முதல் வசனம், இரண்டாவது வசனம், மூன்றாவது வசனம், கிடைக்கவில்லை. முதல் கட்டத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டார். அரை வசனத்துக்குக் கட்டம் இல்லை.

நாடகக் குழுவில் அவருக்குப் பெயர் இடைவேளை அக்கா. முப்பத்திரண்டு வருடமாக மேடை ஏறுகிறவர். வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரி, மருமகளைக் கரித்துக்கொட்டும் மாமியார், ரகசியத்தைத் தெரு முழுக்க அவிழ்த்துவிடும் எதிர்வீட்டுக்காரி என்று எல்லா வேஷமும் கட்டியாயிற்று. எந்த வேஷமானாலும் இடைவேளைக்கு முன்னால் ஊருக்குப் போய்விடுவார், கோபித்துக்கொண்டு போவார், இல்லாவிட்டால் செத்துப்போவார். கதை சூடு பிடிக்கும் மூன்றாம் அங்கத்தில் அக்கா ஒப்பனை அறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவருடைய கணவர் அதே குழுவில் விளக்குக்காரர். மூன்றாம் அங்கத்தில்தான் அவருக்கு வேலையே. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட மனைவியின் மேல் அந்தக் கடைசி வெளிச்சத்தை அவர் போட்டதில்லை. போட அங்கே ஆள் இருந்ததில்லை.

அப்படிப்பட்ட அக்கா இருந்த ஒத்திகைக் கூடத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். மருந்துக் கடைகளைப் பற்றி ஆய்வு செய்கிறவர்.

"எனக்கு ஒரு முகம் வேணும். எங்கயோ பார்த்த மாதிரி இருக்கணும். ஆனா அடுத்த நிமிஷம் மறந்துடணும்" என்றார்.

மொத்தக் குழுவும் அக்காவைக் கை காட்டியது.

"முப்பத்திரண்டு வருஷமா நான் சேர்த்து வச்ச சொத்து அது ஒண்ணுதான். சும்மா குடுக்க முடியாது, வாங்க, பேசலாம்" என்றார் அக்கா.

வேலை இதுதான். இருபத்து நான்கு மருந்துக் கடைகளுக்கு, சாதாரண சளியும் தொண்டை வலியும் வந்த பெண்ணாகப் போக வேண்டும். இந்த மாதிரிச் சளி தானாகவே போய்விடும். ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் எத்தனை கடை அதைக் கொடுக்கிறது, எவ்வளவு கேட்ட பிறகு கொடுக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. யாரையும் மாட்டிவிடுவதற்கில்லை. கடைகளின் பெயரும் எங்கேயும் வராது, எண்கள்தான்.

வசனம் மூன்று. முதலில் நோயைச் சொல்லி மருந்து கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால், "இதைவிட ஸ்ட்ராங்கா ஏதாவது இல்லையா?" அதற்கும் அசையாவிட்டால் மூன்றாவது: "எனக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையே குடுத்திடுங்களேன்."

"ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. எல்லாக் கடையிலயும் ஒரே மாதிரி இருந்தாத்தான் கணக்கு சரியா வரும்" என்றார் டாக்டரம்மா.

"மூச்சு விடற இடம் என்னோடதுதானே?"

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "மூச்சு உங்களோடது."

அன்றைக்கே அக்கா முடிவு செய்துவிட்டார். மூன்றாவது வசனத்தில் ஒரு கடையையாவது கலங்கடிக்க வேண்டும்.

கலங்குவதற்கு யாரும் அவகாசம் கொடுக்கவில்லை. இரண்டாவது கடைக்காரர் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்துக்கொண்டே அட்டையை நீட்டினார். நான்காவது கடையில் வயதைக் கேட்டார்கள், எடையைக் கேட்டார்கள். மறுக்கத்தான் போகிறார்கள் என்று அக்கா இரண்டாவது வசனத்தை நாக்கில் தயாராக வைத்தார். "அப்ப பெரிய மாத்திரையே தரலாம்" என்று கொடுத்துவிட்டார்கள். ஏழாவது கடையில் ஒரு புண்ணியவான், "முழுசா அஞ்சு நாள் சாப்பிடணும், நடுவுல நிறுத்தக் கூடாது, அது ரொம்பத் தப்பு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு மூன்றே மாத்திரை வெட்டிக் கொடுத்தார். பதினோராவது கடையில் சுவரில் பெரிய பலகை தொங்கியது: சீட்டு இல்லாமல் மருந்து இல்லை. கடைக்காரரும் அதையே கேட்டார்.

"சீட்டு இருக்காம்மா?"

அக்கா தோளை நிமிர்த்தினார். இதோ வந்துவிட்டது. "இல்லைங்களே."

"அப்ப அந்தப் பக்கமா ஜன்னலுக்கு வாங்க. இங்க கேமரா இருக்கு."

பதினாறாவது கடையில் இருந்த இளைஞனுக்கு முகத்தில் சங்கடம் தெரிந்தது. "இதுக்கு இது வேண்டாம்மா" என்றான். அக்கா இரண்டாவது வசனத்தைச் சொன்னார். அவன் பெருமூச்சு விட்டான். "நான் குடுக்கலன்னா நாலு கடை தள்ளிப் போய் வாங்கத்தான் போறீங்க" என்று எடுத்துக் கொடுத்தான். இரண்டாவது கட்டத்தில் குறி போட்டபோது அக்காவுக்கு அவன் மேல் பரிதாபமாகவும் இருந்தது, இன்னும் ஒரு நிமிஷம் தாக்குப்பிடித்திருக்கக் கூடாதா என்று எரிச்சலாகவும் இருந்தது.

வாங்கிய மாத்திரைகளை எண்ணிட்ட உறைகளில் போட்டு டாக்டரம்மாவிடம் கொடுக்க வேண்டும். உறைகள் சமையலறை அலமாரியில் வரிசையாக நின்றன. பக்கத்திலேயே விளக்குக்காரரின் பழைய பிஸ்கட் டப்பா. போன வருடச் சளிக்கு வாங்கி மிச்சமான இரண்டு, பல்வலிக்கு வாங்கி மிச்சமான மூன்று என்று அதில் பல நிறங்களில் மாத்திரைகள் கிடந்தன. தும்மினால் டப்பாவைத் திறக்கும் மனிதர் அவர்.

தினமும் சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை நடந்தது. இஸ்திரி மேஜைதான் கடை, விளக்குக்காரர்தான் கடைக்காரர்.

"எனக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையே குடுத்திடுங்களேன்."

"சீட்டு இல்லாம முடியாதும்மா."

"இன்னும் கொஞ்சம் கறாரா சொல்லுங்க."

"வீட்ல கறாரா சொல்லிப் பழக்கமில்ல. எப்படி வரும்?"

கெஞ்சலாக, அதிகாரமாக, களைத்துப்போய், சிரித்துக்கொண்டே என்று அதே நாலு சொற்களைப் பதினோரு விதமாகச் சொல்லிப் பார்த்தார் அக்கா. ஒன்பதாவதுதான் உருப்படியாக இருந்தது. 'மாத்திரையே' என்ற சொல்லுக்குப் பிறகு மூச்சை ஒரு கணம் பிடித்து, பார்வையைக் கீழே இறக்கி, குரலை உடைத்துக் 'குடுத்திடுங்களேன்' என்பது. நாலு நாள் அதையே மெருகேற்றினார். நடுநடுவே இருமலும் வேண்டும். பாத்திரம் தேய்க்கும்போதும் துணி மடிக்கும்போதும் இருமினார். "நிஜ நோயாளிகூட இவ்வளவு இரும மாட்டான்" என்று விளக்குக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

இருபத்து மூன்று கடை முடிந்தது. மூன்றாவது கட்டமும் நான்காவது கட்டமும் எல்லாப் படிவத்திலும் வெள்ளையாகவே இருந்தன. கடைசிக் கடைக்குப் புறப்பட்ட காலையில் அக்காவின் குரல் கட்டிப்போயிருந்தது. ஒரே வசனத்தை நானூறு தடவை உடைந்த குரலில் சொன்னால் குரல் உடையத்தானே செய்யும். இத்தனை வருடம் தொழில் பார்த்தவருக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அந்தக் கடை ஒரு சலவைக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், இரண்டு ஆள் அகலத்தில் இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். வெள்ளைக் கோட்டின் கைகளை மடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அக்காவுக்குப் பின்னால் உடையெல்லாம் வண்ணப் புள்ளியோடு ஒரு பெயின்டர், ஒரு தபால்காரர், கைக்குழந்தையோடு ஒரு பெண் என்று வரிசை சேர்ந்தது.

"சொல்லுங்க."

"தொண்டை வலி. ரெண்டு நாளா மூக்கும் ஒழுகுது. ஏதாவது மருந்து குடுங்க."

முதல் வசனத்தை முழுசாகச் சொல்ல முடிந்ததே அதிசயம். அந்தப் பெண் அலமாரிப் பக்கம் போகவில்லை. கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டினார்.

"காய்ச்சல்?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா? முழுங்க முடியுதா? தினமும் வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

எல்லாவற்றுக்கும் அக்கா பதில் சொன்னார். அடுத்தது யாரும் எழுதித் தராத காட்சி. அந்தப் பெண் மேஜைக்குள்ளிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார். "வாயைத் திறங்க."

பொய்த் தொண்டை வலி வெளிச்சத்துக்கு வந்தால் கதை அதோடு முடிந்தது. வேறு வழியில்லாமல் அக்கா வாயைத் திறந்தார்.

"சிவந்துதான் இருக்கு" என்றார் அந்தப் பெண். அக்காவுக்கு உயிர் வந்தது. "ஆனா இது கத்திக் கத்திச் சிவந்தது. வீட்ல யாரையாவது ரொம்பத் திட்டறீங்களா?"

பெயின்டர் சிரித்துவிட்டார். "எங்க வீட்லயும் ஒரு ஆளுக்குப் பார்க்கணும், கூட்டிட்டு வரட்டுமா?"

"சளி தானா போயிடும். உப்புத் தண்ணில கொப்பளிங்க, ஆவி பிடிங்க. வலிக்கு மட்டும் இந்த மாத்திரை போதும்."

அக்கா இரண்டாவது வசனத்தை எடுத்தார். "இதைவிட ஸ்ட்ராங்கா ஏதாவது இல்லையா?"

"இருக்கு. உங்களுக்கு வேண்டாம்."

அக்கா முந்தானையை ஒரு தரம் சரிசெய்துகொண்டார்.

"எனக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையே..."

மூச்சைப் பிடித்தார். பார்வை கீழே இறங்கியது. குரலை உடைக்கவே வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே நொறுங்கிக் கிடந்தது.

"...குடுத்திடுங்களேன்."

யாரும் அசையவில்லை. குழந்தைகூட வாயிலிருந்த விரலை எடுத்துவிட்டுப் பார்த்தது. பெயின்டர்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"பாவம்மா. குடுத்துத்தான் விடுங்களேன்."

"பக்கத்துத் தெருவுல கேக்காமலே குடுப்பாங்க" என்றார் தபால்காரர், கொஞ்சம் கோபமாகவே.

"குடுப்பாங்க. வேணும்னா நானே வழி சொல்றேன்" என்றார் அந்தப் பெண். "நீங்க எல்லாரும் சேர்ந்து அழுதாலும் சரி, என் கையால வராது. சளிக்கெல்லாம் இத அள்ளிக் குடுத்தா கிருமி இதுக்குப் பழகிடும். நாளைக்கு இந்தக் குழந்தைக்கு நிஜமா ஒண்ணு வந்து, அன்னிக்கு இது கேக்கலன்னா, இவங்கம்மாவுக்கு யார் பதில் சொல்றது? நீங்களா?"

தபால்காரர் காலணியைப் பார்த்தார். குழந்தையின் அம்மா குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

மூன்றாம் அங்கம். நிறைந்த சபை. மொத்தச் சபையும் அக்காவின் பக்கம், அப்படியும் அக்கா தோற்றார். இதைவிட நல்ல முடிவை எந்த நாடகக்காரரும் அவருக்கு எழுதித் தந்ததில்லை. எதிரே நின்ற பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்கு வசனத்தில் இடமில்லை.

அந்தப் பெண் ஒரு மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினார். காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒரு வாரத்தில் சரியாகாவிட்டாலோ டாக்டரிடம் போக வேண்டும். கீழே ஒரு கோடு போட்டு இன்னொன்று: மூன்று நாள் பேசக் கூடாது.

"மூணு நா..." என்று ஆரம்பித்த அக்காவை, உதட்டில் விரல் வைத்து அடக்கினார். "இப்பலேர்ந்து."

சலவைக் கடையின் கண்ணாடி முன்னால் வந்ததும் அக்கா நின்றார். இடம் வலம் பார்த்துவிட்டு, கைகூப்பி, இடுப்பு வளைய ஒரு வணக்கம் வைத்தார். உள்ளே சட்டை மடித்துக்கொண்டிருந்தவர், எதற்கென்று தெரியாமலே பதில் வணக்கம் வைத்தார்.

அக்கா வீட்டுக்குள் நுழையும்போது விளக்குக்காரர் மேஜை விளக்கைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு? இதுவும் அரை வசனம்தானா?"

அக்கா உதட்டில் விரல் வைத்தார். தொண்டையைக் காட்டினார்.

"அய்யோ, நிஜமாவே வந்துடுச்சா? அப்பவே சொன்னேன்ல. இரு, நம்ம டப்பாவுல ஏதாவது கிடக்கும்" என்று எழுந்து போய் டப்பாவோடு வந்தார். அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கி, டாக்டரம்மாவுக்குப் போக வேண்டிய உறைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அதைத் திரும்ப எடுக்கப்போன அவர் கையில் ஓர் அடி போட்டார். பிறகு படிவத்தை எடுத்து அவர் முன்னால் விரித்து, நான்காவது கட்டத்தில் இருந்த குறியைக் காட்டினார்.

விளக்குக்காரர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். "கிடைக்கவில்லை" என்று வாய்விட்டுச் சொன்னார். புரிந்துகொள்ள ஒரு கணம் ஆயிற்று. "அப்படின்னா... மூணாவதைச் சொன்னியா?"

அக்கா மூன்று விரலை உயர்த்தினார்.

"எப்படிச் சொன்னே? ஒன்பதாவது மாதிரியா?"

அக்கா ஆமென்று தலையை ஆட்டினார், கண் கலங்கச் சிரித்துக்கொண்டே.

விளக்குக்காரர் பிரித்துக் கிடந்ததையெல்லாம் சேர்த்துப் பூட்டினார். மேஜை விளக்கின் கடைசித் திருகை முறுக்கி, பொத்தானைத் தட்டி, அதன் கழுத்தை மெதுவாகத் திருப்பினார். வெளிச்சம் அக்காவின் முகத்தில் விழுந்தது. அக்கா கொப்பளிக்க உப்புத் தண்ணீர் கேட்டுச் சைகை காட்டும்வரை அவர் அதை அணைக்கவில்லை.